ஆப்பிரிக்க மூலிகை வேர்களும் அவற்றைச் சோதித்தறியும் முறையும்

ஒரு வேர் இன்ன வியாதியைத் தீர்க்கும் என்று ஒரு தேசத்து ஜனங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லி வருவார்களாயின், அச்சொல்லை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் தகாது. அதனையே முடிந்த தீர்ப்பாகக் கொள்ளுதலும் தகாது. அது ஒரு சாட்சியின் வாக்குமூலம் போன்றது. கிராமத்தில் எல்லைத் தகராறு நேர்ந்தால் வயோதிகரின் சொல்லைக் கேட்கிறோம்; பின்பு சங்கிலி பிடித்து அளந்தும் பார்க்கிறோம். மூலிகை விஷயத்திலும் முறை இதுவேயாம். ஆப்பிரிக்கா கண்டத்தில் வழங்கும் சில வேர்களும் கிழங்குகளும் இவ்வாறு அளந்து பார்க்கப்பட்ட வரலாற்றை இங்குச் சுருக்கமாக எழுதலாமென்று கருதுகிறேன்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. சென்ற கோடையில் என் பிர்காவைச் சேர்ந்த குடியானவர் ஒருவர், காய்ந்த கிழங்குத் துண்டுகள் சிலவற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். கூடவே அச்சடித்த நோட்டீஸ் ஒன்றும் இருந்தது. ஆப்பிரிக்க தேசத்துக் கிழங்கு என்றும், மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்றும், கன்று ஒன்றுக்கு இவ்வளவு என முன்பணம் கட்டுவோரிடம் விளைவை முழுவதும் தாங்களே வாங்கிக்கொள்வதாகவும் அதில் கண்டிருந்தது. “ஐயா, எள் விதைக்கும் இரண்டு ஏக்கர் புன்செயில் இதை நட்டுப் பார்க்கலாமா? முன்பணத்துக்கு மகளின் நகையை ஈடு வைக்க எண்ணியிருக்கிறேன்” என்றார். உடனே ஆம் என்றோ இல்லையென்றோ சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டு, அக்கிழங்கைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

கலஹாரிக் கிழங்கு

நோட்டீஸில் கண்ட செடியின் சாஸ்திரப் பெயர் ஹார்ப்பகோபைட்டம் புரோகும்பென்ஸ் என்பது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா ஆகிய தேசங்களில் பரந்துள்ள கலஹாரி மணற்பாங்கில் தானாக வளர்கிறது. நம் எள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தரையோடு படரும் தண்டும், ஊதா நிறக் குழல் போன்ற பூவும் உடையது. காயைச் சுற்றிலும் கொக்கிகள் நீண்டிருப்பதாலும், அவை கால்நடைகளின் குளம்பில் மாட்டிக்கொண்டு வருத்துவதாலும் ‘பிசாசு நகம்’ என்ற பொருள்படும் பெயரை வெள்ளைக்காரர்கள் இட்டனர். மழையற்ற மாதங்களில் தண்டும் இலையும் காய்ந்துபோக, நிலத்தினடியில் ஒரு தாய்வேரும், அதிலிருந்து பக்கங்களில் ஓடும் வேர்களில் கிழங்குகளும் உயிரோடு இருக்கும். மருந்துக்கு உதவுவன இப்பக்கக் கிழங்குகளே.

அம்மணற்பாங்கின் பழங்குடிகளான ஸான், நாமா முதலிய ஜனங்கள் ஜ்வரத்துக்கும், அஜீரணத்துக்கும், வலிகளுக்கும் இதனைக் கஷாயமாக வழங்கி வந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனெர்ட் என்னும் ஜெர்மானியக் குடியேற்றக்காரர் அவர்களிடமிருந்து இதன் குணத்தைத் தெரிந்துகொண்டார். 1958-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ஸோர்ன் என்பவர் மூட்டுவீக்கத்தின்மேல் இதன் வேலையைக் குறித்து ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். 1962 முதல் பெருமளவில் ஏற்றுமதி நடைபெறத் தொடங்கியது. ஆகவே நோட்டீஸில் கண்டது முழுப் பொய்யன்று. கிழங்கு உண்டு, அதற்குக் கியாதியும் உண்டு. ஆனால் கியாதி வேறு, பரீட்சையில் தேறுவது வேறு. அப்பரீட்சையின் படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்படி: செடி எது என்று நிச்சயித்தல்

பெயரைக் கொண்டு செடியை நிச்சயிக்கலாகாது. நம் பக்கத்துத் தரிசு நிலங்களில் புலிநகம் என்று வழங்கும் ஒரு செடி உண்டு. அதன் காயிலும் கொக்கி இருப்பதால் அதையும் ‘பிசாசு நகம்’ என்றே ஆங்கிலத்தில் சிலர் அழைக்கின்றனர். அது மெக்ஸிகோவிலிருந்து வந்த வேறு செடி. கலஹாரிக் கிழங்கின் சத்து அதில் இருக்குமென்று கொள்ள இடமில்லை. நன்னாரி என்று கேட்டால் மாகாளிக்கிழங்கின் வேரைக் கொடுப்பதும் நம் கடைகளில் காணக்கூடியதே.

இப்பிழையால் ஒரு நல்ல வேரின் வரலாறு எழுபது வருஷம் தடைப்பட்ட கதை கேட்கத் தக்கது. 1897-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வாலிபர் க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு, தேக சௌக்கியத்துக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இன்று லெஸோத்தோ எனப்படும் பஸுட்டோலாந்து மலைநாட்டில் ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த வேர்க் கஷாயத்தால் தாம் பிழைத்ததாகக் கூறி, தாய்நாடு திரும்பியபின் அதனை க்ஷயரோக நிவாரணி என்று விற்கலானார். அவ்வேர் எந்தச் செடியினது என்பதை அவர் வெளியிடவில்லை. பிரிட்டிஷ் வைத்திய சங்கத்தார் 1909-இல் பதிப்பித்த ‘இரகசிய மருந்துகள்’ என்னும் புத்தகத்தில் அதனைக் கண்டித்தனர். ஸ்டீவன்ஸ் மானநஷ்ட வழக்குத் தொடுத்து, 1914-இல் தோல்வியுற்றார்.

எனினும் விஷயம் அத்துடன் முடியவில்லை. முன்னர் பஸுட்டோலாந்தில் ஊழியம் புரிந்த ஸெஷஹே என்னும் ஸ்விட்ஸர்லாந்து டாக்டர், 1920-க்குப் பின் பல வருஷங்கள் தம் க்ஷயரோகிகள் எண்ணூறு பேர் வரையில் அதே மருந்தைக் கொடுத்துக் குறிப்பெழுதி வைத்தார். ஆனால் மருந்து கொடாத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றவில்லை. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டு, க்ஷயத்துக்கு உண்மையான மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தபின் இவ்வேரின் பெயர் மங்கிற்று. 1970-களிலேதான் மூனிச் நகரத்து ஆராய்ச்சியாளர் இது பெலார்கோனியம் இனத்தைச் சேர்ந்த செடியின் வேர் என்று நிச்சயித்தனர். அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கும் ஜெரேனியம் செடிக்கு உறவான பெலார்கோனியம் ஸைடாய்டிஸ் என்பதே இன்று மருந்துக்கு வழங்குகிறது.

செடி நிச்சயமான பின்னரே ஒழுங்கான பரீட்சைக்கு இடம் உண்டாயிற்று. க்ஷயத்தைத் தீர்க்கும் என்ற பெரிய வார்த்தை நிரூபணமாகவில்லை. நெஞ்சுச் சளியும் இருமலுமான மார்புக்குழல் அழற்சியில் வேதனையைச் சிறிது விரைவாகத் தணிக்கக்கூடும் என்ற சிறிய வார்த்தை ஓரளவு நின்றது. காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சிக் குழுவினர் 2013-இல் பரீட்சைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும், பலன் இருக்கலாம், ஆனால் அத்தாட்சியின் தரம் குறைவு என்றே எழுதினர். சாட்சி சொன்னதில் பத்தில் ஒரு பங்கே மெய்யானாலும், அப்பங்கு பயனுள்ளதே. வேரின் பெயரை மறைத்து விற்றதனால் அதனைக் கண்டறிய எழுபது வருஷம் கழிந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாம் படி: எந்தப் பாகம், எவ்வளவு சத்து

செடி சரியாக இருந்தாலும் பாகம் சரியாக இருக்க வேண்டும். கலஹாரிக் கிழங்கில் ஹார்ப்பகோஸைடு என்னும் கசப்புச் சத்து உண்டு. அது பக்கக் கிழங்குகளில் மிகுதியாகவும் தாய்வேரில் குறைவாகவும் இருக்கிறது. ஐரோப்பிய மருந்து நூலின் விதிப்படி, உலர்ந்த சரக்கில் நூற்றுக்கு 1.2 பங்குக்குக் குறையாமல் ஹார்ப்பகோஸைடு இருக்க வேண்டும். இவ்விதியின் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். முதுகுவலிக்குச் செய்த பரீட்சைகளில் நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை ஹார்ப்பகோஸைடு கொடுத்தனர். 1.2 பங்கு சத்துள்ள சரக்கானால் 50 மில்லிகிராமுக்கு 4 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கிழங்கு போதும். 0.6 பங்கு மட்டும் இருந்தால் 8 கிராமுக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒரே கரண்டியால் அளந்து கொடுக்கும் வைத்தியன், ஒருவனுக்கு மருந்தும் மற்றொருவனுக்குப் பாதி மருந்தும் கொடுத்தவனாவான்.

குடியானவர்களுக்கு இது புதிய விஷயமன்று. கரும்பின் எடை ஒன்றாயிருந்தும் வெல்லத்தின் அளவு வேறுபடுவதை அறிவோம். மண், மழை, செடியின் வயது, தோண்டும் மாதம், உலர்த்தும் விதம் ஆகியவற்றால் வேரின் சத்தும் ஏறி இறங்கும். கிழங்கைத் தோண்டிய பின் மெல்லிய வில்லைகளாக அரிந்து, மண் படாமல் காற்றோட்டமாக உலர்த்தாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். மூலிகைகளைச் சேகரிப்பதற்கும் பயிரிடுவதற்கும் உரிய முறைகளை உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2003-இல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டுள்ளனர். எங்கு, எப்பொழுது, யாரால், எந்தச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பில்லாத சரக்குக்கு மருந்துலகில் மதிப்பில்லை.

மூன்றாம் படி: குழாயிலிருந்து மனிதனுக்கு

வேரின் சாற்றைக் கண்ணாடிக் குழாயிலுள்ள கிருமியின்மேல் விட்டு, கிருமி மாண்டது என்று கண்டவுடன் மருந்து கிடைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அடுப்புச் சாம்பலும் குழாயில் பல கிருமிகளைக் கொல்லும். அதனால் அது மருந்தாகாது. வயிற்றில் ஜீரணமாகி, இரத்தத்திற் கலந்து, வியாதியுள்ள இடத்தை அடைந்து வேலை செய்கிறதா என்பதை மனிதரிடம் பார்த்தே அறிய வேண்டும்.

பார்க்கும் முறையும் நம் பரீட்சைப் பாத்திகளின் முறையே. உரமிட்ட பாத்தியின் பக்கத்தில் உரமிடாத பாத்தி இல்லாவிடில் விளைச்சல் உரத்தாலா மழையாலா என்று தெரியாது. அதுபோல நோயாளிகளை இரு பிரிவாகத் திருவுளச்சீட்டு முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றொரு பிரிவுக்கு உருவில் அதை ஒத்த வெறும் மாத்திரையும் கொடுப்பர். எது எவருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே தணிவது ஆதலால், வெறும் மாத்திரை உண்டவரிலும் பலர் குணமடைவர். அவரைக்காட்டிலும் மருந்துண்டவர் எவ்வளவு அதிகமாகக் குணமடைந்தனர் என்பதே மருந்தின் பலன்.

கலஹாரிக் கிழங்கு இப்பரீட்சையில் ஓரளவு தேறியது. 2014-இல் காக்ரேன் குழுவினர், இது வெறும் மாத்திரையைவிட முதுகுவலியைக் குறைப்பதாகத் தோன்றுகிறது என்றும், ஆனால் அத்தாட்சி அதிகமாகப் போனால் நடுத்தரமே என்றும் முடிவு கூறினர். ஐரோப்பிய மருந்து அதிகாரிகளும் இதனை நெடுங்கால வழக்கத்தின் பேரில் சிறு மூட்டுவலிக்கும் லேசான அஜீரணத்துக்கும் அனுமதித்திருக்கின்றனரேயன்றி, முற்றும் நிரூபணமான மருந்தென்று வகைப்படுத்தவில்லை. 2003-இல் வெளியான ஒரு சிறு பரீட்சையில், இக்கிழங்கின் சத்து ரோபிகாக்ஸிப் என்னும் புதிய வலி நிவாரணிக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. மறு வருஷமே அந்த ரோபிகாக்ஸிப், இருதயத்துக்குத் தீங்கு செய்வது வெளிப்பட்டு உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலை மருந்தாயினும் காட்டு வேராயினும் சோதனை ஒன்றே என்பதற்கு இது தக்க உதாரணம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசத்தார் வேறொரு வழியைக் காட்டினர். அங்கே நிபிமா என்று வழங்கும் கொடி ஒன்று உண்டு. நம் நன்னாரிக்கு உறவானது. அதன் மஞ்சள் வேரின் கஷாயத்தை மலேரியா ஜ்வரத்துக்குக் கொடுப்பது நாட்டு வைத்தியர் வழக்கம். ‘கானா க்வினைன்’ என்றும் அதனைச் சொல்வதுண்டு. ஐரோப்பியக் கல்வி பெற்ற டாக்டரான ஓக்கு அம்போஃபோ என்பவர் நாட்டு வைத்தியரின் வேர்களை ஆராய வேண்டுமென்று உழைத்து, 1975-இல் மாம்பாங் என்னும் ஊரில் சர்க்கார் மூலிகை ஆராய்ச்சி நிலையம் ஏற்படக் காரணமானார். அங்கே நோயாளிகளின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியை எண்ணிக் கணக்கெடுத்துக்கொண்டே நாட்டு மருந்தை வழங்கும் முறை வந்தது. நிபிமா வேரைத் தேயிலைப் பைபோல் அளவாகக் கட்டிக் கொடுத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. பலன் நம்பிக்கை தருவதாயினும் பரீட்சை சிறியது. ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிட்டு இதனை உண்ணலாம் என்று சொல்ல அது போதாது.

நான்காம் படி: தீங்கைத் தேடுதல்

வேர் இயற்கைப் பொருளாதலால் கெடுதி செய்யாது என்பது பெருந்தவறு. நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் ஒருங்கே வளரும் செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். அது தமிழ்நாட்டின் அரசு மலர். ஜிம்பாப்வே தேசத்துக்கும் அதுவே தேசிய மலர். அதன் கிழங்கைத் தின்றவர் மாண்டதை நம் கிராமங்கள் அறியும். அதிலுள்ள கோல்ச்சிஸின் என்னும் சத்தையே டாக்டர்கள் மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, ஒருவகை மூட்டு வாதத்துக்குக் கொடுக்கின்றனர். மருந்தாவதும் விஷமாவதும் அளவினாலேயே.

நிபிமா வேரின் சத்தான கிரிப்டோலெபைன், மலேரியாக் கிருமியைக் கொல்வதோடு உயிரணுவிலுள்ள மரபுச் சரட்டிலும் புகுந்து பற்றும் தன்மை உடையது. ஆகவே நெடுநாள் உண்டால் என்னாகும் என்ற கேள்வி எழுகிறது. கலஹாரிக் கிழங்கை வயிற்றிலோ சிறுகுடலிலோ புண் உள்ளவர் உண்ணலாகாதென்று ஐரோப்பிய அதிகாரிகள் எச்சரித்துள்ளனர்.

யாவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அது வேரினாலன்று, வேரை நம்பி நல்ல மருந்தை விடுவதனால் வருவது. தென்னாப்பிரிக்காவில் ‘ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு’ என்று ஒரு கிழங்கு வழங்குகிறது. உருளைக்கிழங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் நக்ஷத்திரம் போன்ற பூவுடைய அது நம் நிலப்பனைக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. எய்ட்ஸ் நோய் அத்தேசத்தை வாட்டிய 2000-த்தை அடுத்த வருஷங்களில், உயர்ந்த பதவியில் இருந்தோரே இக்கிழங்கையும் பூண்டையும் எலுமிச்சையையும் அந்நோய்க்கு உகந்தவையெனப் புகழ்ந்து, ஆஸ்பத்திரி மருந்துகளைச் சந்தேகித்தனர். அம்மருந்துகள் ஜனங்களுக்குக் கிட்டத் தாமதமாயிற்று. அத்தாமதத்தால் 2000 முதல் 2005 வரையில் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின என்று ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2008-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். பழி கிழங்கின்மேல் இல்லை. சோதனைக்கு முன்னே தீர்ப்புச் சொன்னவர்மேல் உள்ளது.

ஐந்தாம் படி: வேர் எங்கிருந்து வரும்

இலையையோ காயையோ பறித்தால் செடி பிழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். ஆகையால் வேர் மருந்தைச் சோதிப்போர், மருந்து தேறினால் சரக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். முன்சொன்ன கணக்கின்படி நாளைக்கு 4 கிராம் வீதம் எட்டு வாரம் ஒருவர் உண்டால் ஏறக்குறைய கால் கிலோ உலர்ந்த கிழங்கு செல்லும். லட்சம் பேர் உண்டால் 22 டன்னுக்கு மேலாகும். 2002-ஆம் வருஷத்தில் நமீபியாவிலிருந்து மட்டும் 1,000 டன்னுக்கு மேல் உலர்ந்த கிழங்கு ஏற்றுமதியாயிற்று. இவ்வளவும் காட்டிலிருந்து தோண்டியதே.

நமீபியாவில் 1977 முதல் இச்செடி பாதுகாப்புக்குரியதாக்கப்பட்டு, தோண்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2000-த்தில் ஜெர்மனி தேசத்தார், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் இதனைச் சேர்க்கும்படி பிரேரேபித்தனர். செடி வளரும் தேசத்தார் ஆட்சேபித்ததன்பேரில் பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. கட்டுப்பாடு மிகுந்தால் தோண்டிப் பிழைக்கும் ஏழைகளின் கஞ்சிக்குக் கேடு வரும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் சில வருஷங்களில் கிழங்கே இராது. இதற்கு அவர்கள் கண்ட வழி யோக்கியமானது. தாய்வேரைத் தொடாமல் பக்கத்தில் குழிபறித்து, பக்கக் கிழங்குகளில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, குழியை மீண்டும் மூடிவிடுவது. அதே செடியைச் சில வருஷங்களுக்குத் தொடாது விடுவது. இம்முறையைக் கைக்கொண்ட கிராமத்தார்க்கு நல்ல விலை கொடுக்கும் ஏற்பாடும் 1990-களிலிருந்து நடந்து வருகிறது.

பயிரிடுதலும் முயலப்பட்டது. ஆனால் விதை நெடுநாள் உறங்கும் இயல்புடையது; முளைப்பது மிகக் குறைவு. இன்றும் வியாபாரத்திலுள்ள சரக்கில் மிகுதியும் காட்டுச் சரக்கே. சொந்த மண்ணிலேயே பயிராக்கக் கடினமான செடியை வேறு மண்ணில் எளிதில் விளைவிக்கலாம் என்று நோட்டீஸ் போடுகிறவரிடம், இதுவரை எங்கே விளைவித்தீர் என்று கேட்பது நியாயமே.

ஆறாம் படி: அறிவுக்கு உரியவர் யார்

வேரின் குணத்தை முதலில் கண்டவர் காட்டுக் குடிகள். பெரும் பணத்தை ஈட்டியவர் வேறு தேசத்துக் கம்பெனிகள். முன்சொன்ன பெலார்கோனியம் வேரிலிருந்து சத்தெடுக்கும் முறையைத் தங்கள் கண்டுபிடிப்பென்று ஓர் ஜெர்மன் கம்பெனியார் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றனர். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் ஆலிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த சமூகத்தார் அதனை ஆட்சேபித்தனர். 2010 ஜனவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், அதில் புதிய கண்டுபிடிப்புக்குரிய சிறப்பில்லை என்று தீர்த்து உரிமையை ரத்துச் செய்தது. அதே வருஷம் ஜப்பான் தேசத்து நகோயா நகரில், ஒரு தேசத்துச் செடிகளையும் அவற்றைப் பற்றிய பழங்குடி அறிவையும் பயன்படுத்துவோர் லாபத்தில் உரியவர்க்குப் பங்களிக்க வேண்டுமென்ற உடன்படிக்கை ஏற்பட்டு, 2014-இல் அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் கையொப்பமிட்ட தேசமே.

இவ்விஷயத்தில் நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு பழைய தொடர்புண்டு. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதி வெளியிட்டார். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்து ஆராய்ச்சியாளர் அதிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். உலகமெங்கும் கேட்பு ஏறியது. நம் காடுகளில் வேர் குறைந்தது. இந்திய சர்க்கார் வேர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். அப்பொழுது மருந்துக் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தது ஆப்பிரிக்காவில் வளரும் அதே இனத்தைச் சேர்ந்த ராவுல்பியா வோமிட்டோரியா என்னும் மரத்தின் வேரைத்தான். அதன் வேர்ப்பட்டையிலும் ரெஸர்பின் இருந்தது. ஒரு தேசத்து வேர் தீர்ந்தால் மறு தேசத்து வேருக்குக் கோடாலி செல்லும் என்பதை இது காட்டுகிறது. பின்னாளில், ரெஸர்பின் சிலருக்கு மனச்சோர்வு உண்டாக்குவது கண்டு டாக்டர்கள் அதனைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில யோசனைகள்

மேற்கூறியவற்றிலிருந்து கைக்கொள்ளத் தக்கவை பின்வருமாறு:

1. மூலிகைப் பயிர் எதுவாயினும், செடியின் சாஸ்திரப் பெயரையும் வாங்குவோர் வேண்டும் சத்தின் அளவையும் எழுத்தில் பெறாமல் முன்பணம் கட்டலாகாது. விளைவை வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர், சத்துக் குறைந்தால் என்ன விலை என்பதையும் எழுதித் தர வேண்டும்.

2. அந்நியச் செடியைப் பெருநிலத்தில் நடுமுன் ஒரு சென்ட் நிலத்தில் இரண்டு பருவம் நட்டுப் பார்த்தல் வேண்டும். வேர் பயிர்கள் பல வருஷம் நிலத்தைப் பிடிப்பவை என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

3. புறம்போக்கிலும் காட்டோரங்களிலும் வியாபாரிகள் வேர் தோண்டுவதைக் கண்டால் கிராம அதிகாரிகள் அனுமதியைக் கேட்க வேண்டும். 2002-ஆம் வருஷத்து உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி ஊராட்சிகளில் குழு அமைத்துப் பதிவேடு எழுதுதல் விதியாகும். அதில் ஊர் வயோதிகரும் நாட்டு வைத்தியரும் சொல்லும் மூலிகைகளை, சொன்னவர் பெயரோடு பதிந்து வைப்பது நாளை உரிமைக்குச் சாட்சியாகும்.

4. டாக்டர் கொடுத்த மருந்தை, வேரை நம்பி எவரும் நிறுத்தலாகாது. வேர் மருந்தை உண்போர் அதனை டாக்டரிடம் மறைக்கலாகாது.

பத்து நாட்களுக்குப் பின் அக்குடியானவரைக் கண்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். கிழங்கு மெய்யே, அதன் குணமும் ஓரளவு மெய்யே, ஆனால் அந்த நோட்டீஸை நம்ப இடமில்லை என்றேன். முன்பணம் கேட்டவரிடம் மேற்கண்ட கேள்விகளைக் கேட்கும்படி கூறினேன். அவர் கேட்டார். பதில் வரவில்லை, அடுத்த மாதம் அந்த ஆளும் வரவில்லை. குடியானவர் அப்புன்செயில் வழக்கம்போல் எள்ளே விதைத்தார். மழை பிந்தியதால் மகசூல் பெரிதன்று. ஆயினும் நகை வீட்டில் இருக்கிறது. நிலமும் கடனின்றி இருக்கிறது.